கல்மரமும் கல்விச் சாலையும்

பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரமொன்று கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பிரதேசத்திலே கடல் அலை வீசிய காலத்தில், வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றிற் புதைந்த மரம் அது. நீரிற் கரைந்த சிலிகாச் சத்து மெல்ல மெல்ல உட்புகுந்து மரத்தைக் கல்லாக்கிற்று. 1940ல் இதனைக் கண்டறிந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். அத்தமிழரே பின்னர் அத்துறையின் முதல் இந்தியத் தலைவராகவும் விளங்கினார். இன்று அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றது.

பாதுகாப்பது சரி, அதனைக் கொண்டு கற்பிக்கின்றோமா என்பதே நமது கேள்வி. மாணாக்கர் வண்டியில் வந்திறங்கி, வேலியோரம் நின்று படம் பிடித்துக்கொண்டு, கட்டுச்சோறு உண்டு திரும்புவதை உல்லாசப் பிரயாணம் என்னலாம், கல்வி என்னலாகாது.

உபாத்தியாயர் முன்னதாகவே ஒருமுறை சென்று பார்த்து வரவேண்டும். மாணாக்கர் கையில் அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் இருக்கவேண்டும். மரம் தரையில் வளர்வது. இதனைச் சூழ்ந்த பாறைகளிலோ கடற்சிப்பிகள் காணப்படுகின்றன. இஃதெங்ஙனம் நேர்ந்தது? விடையைச் சொல்லிவிடாமல் அவர்களையே தேடவிட வேண்டும். பிறகு காரைக் கிராமத்துச் செம்மண் ஓடைகளுக்கு அழைத்துச் சென்று, சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் வாழ்ந்த பழங்கடலின் அடித்தளத்திலேயே தாம் நிற்பதை உணர்த்தவேண்டும். நூறு பக்கம் உருப்போட்டும் விளங்காதது அங்கே ஒரு நாழிகையில் விளங்கும்.

நமது தென்னாட்டில் சேகரித்த இத்தகைய கடற்பிராணிச் சின்னங்களை ஆராய்ந்து எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846லேயே லண்டனில் வெளியிட்டார். அன்னியர் உழைப்பை நாம் குறைகூறோம். ஆனால் அவ்வளவு தொலைவில் ஆராயப்பட்ட செல்வம், அதன்மீது நடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்குத் தெரியாதிருப்பது நமக்கு வெட்கமன்றோ?

இதில் தாமதத்திற்கும் இடமில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் அப்பழங்கடலின் உயிர்கள் விட்டுச்சென்ற ஓடுகளே. அதனை வெட்டியே சிமெண்டு ஆலைகள் நடக்கின்றன. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆலைகள் வேண்டாமென்பது நமது கட்சியன்று. சுரங்கங்களே பல சின்னங்களை வெளிப்படுத்துகின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் அரைத்துவிட்ட சின்னம் மீளாது. குழிதோறும் காவலாளியை நிறுத்தச் சர்க்காரால் இயலாது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் மகள் அம்மோனைட்டை அறிந்திருப்பாளேயாகில், தகப்பனார் அதனைத் தனியே எடுத்து வைப்பார். அறிவினும் மலிவான காவல் வேறில்லை.

ஆகவே, இவ்விரு ஜில்லாக்களிலும் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுநாளேனும் இந்த வெளிப்பாடம் கிடைக்கும்படி கல்வி இலாகா ஏற்பாடு செய்யவேண்டும். வண்டிச் செலவை ஏழைப் பெற்றோர்மீது சுமத்தலாகாது; சுண்ணாம்புக் கல்லால் ஊதியம் பெறும் ஆலைகள் அதனை ஏற்பது நியாயம். சுரங்கங்களில் அகப்படுபவை வாரணவாசி அருங்காட்சியகத்திற் சேரவேண்டும். மாணாக்கரும் ஒரு சிப்பியைக்கூடப் பையிற் போட்டுக்கொள்ளலாகாது என்பதே முதற் பாடமாகட்டும்.

தேசபக்தி பேசும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேசமென்பது மண். அம்மண்ணின் சரிதையைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்த்துவிட்டு, மண்ணைக் காப்போமென்று மேடையில் முழங்குவதாற் பயனென்ன? சாத்தனூருக்கு வழி காட்டுங்கள். மற்றதை அக்கல்மரமே கற்பிக்கும்.