பையில் முதலில் காகிதம்

பருவமழை வந்தால் அவசரகாலப் பை தயார் செய்யுங்கள் என்கிறார்கள் அதிகாரிகள். டார்ச், தீப்பெட்டி, அவல், மாத்திரை, குடிநீர். நல்ல பட்டியல்தான். ஆனால் கடலூர் மாவட்டக் காலனிகளில் அந்தப் பைக்குள் முதலில் போக வேண்டியது காகிதம்.

2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். இரண்டையும் பார்த்த மாவட்டம் இது. நனைந்த அரிசியை மறுபடி வாங்கிவிடலாம். சாதிச் சான்றிதழ் போனால் பிள்ளையின் உதவித்தொகைக்கு அலைய வேண்டும். மனைப்பட்டா போனால், "புறம்போக்குதானே?" என்று கேட்க ஆள் இருக்கிறது. நிவாரணம் வாங்கவே குடும்ப அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே சான்றிதழ், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் செல்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியட்டும். மழை வரும் நேரத்தில் ஆண்கள் பலர் வெளியூர் வேலையில் இருப்பார்கள்.

சரி, பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? முகாம் ஊர்த்தெருவில் என்றால் காலனிக்காரர்கள் தயங்கத்தான் செய்வார்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எந்த மேட்டுக் கட்டடம் எந்தக் காலனிக்கு என்பதை மாவட்ட நிர்வாகம் அக்டோபருக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து.