பட்டியல் யார் தலையில்?

குடும்பத்தோடு வெளியூர் போவதென்று தீர்மானமானதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு குதூகலம் பிறந்துவிடுகிறது. குழந்தைகள் நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். குடும்பத் தலைவி ஒருத்திக்குத்தான் அன்றைக்கே தூக்கம் போய்விடுகிறது. யாருக்கு எத்தனை உடுப்பு, மாமியாருக்கு எந்த மாத்திரை, பால்காரரிடம் யார் சொல்வது என்று ஒரு நீண்ட ஜாபிதா அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அது ஓய்வதில்லை. "அம்மா, சோப்பு எங்கே?", "இந்தா, என் கண்ணாடியைப் பார்த்தாயா?" என்ற கேள்விகள் அங்கேயும் கூடவே வந்துவிடுகின்றன. மற்றவர்களுக்கு அது விடுமுறை. அவளுக்கு வேறு ஊரில் அதே உத்தியோகம்!

இந்தத் தொல்லைக்கு மருந்து பெரிய பெட்டி வாங்குவதல்ல, சகோதரிகளே. அந்த ஜாபிதாவைத் தலையிலிருந்து இறக்கிக் காகிதத்தில் எழுதி, அதை நாலு பேருக்குப் பங்கு போடுவதுதான். எப்படி என்று காரைக்காலை வைத்தே பார்ப்போமா? சின்ன ஊர், கடல் இருக்கிறது, சுற்றிலும் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் கோட்டையும் இருக்கின்றன. பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் ஏற்ற இடம்.

முதல் வேலை தேதி. இதில் அவசரம் கூடாது. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று பலரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் நடக்கும், அந்தப்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று கோயில் தரப்பிலேயே அறிவித்தார்கள். விசாரிக்காமல் விடுதியும் வண்டியும் அமர்த்தியவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்! ஆகவே விசேஷத்துக்காகப் போகிறவர்கள் முதலில் கோயிலில் கேளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள். மாங்கனித் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அது ஆனி மாதத்தில் வருகிறது, பள்ளிக்கூடம் திறந்துவிடும். கோடை லீவில் போய்விட்டு, "மாங்கனி எங்கே?" என்று தேடிப் பயனில்லை. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளும் விடுதிகளும் நிரம்பி வழியும். கூட்டம் ஆகாதவர்கள் வேறு வாரம் பார்த்துக்கொள்வது உத்தமம். ரயிலுக்கு 60 நாள் முன்னாலேயே முன்பதிவு தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, திசை. காரைக்காலிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் திருநள்ளாறு. வடக்கே டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. அதையும் தாண்டினால் திருக்கடையூர். தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரிசையாக ஒரே சாலையில். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம். பெரிய பெட்டி அறையிலேயே இருக்கும். அன்றன்றைக்கு ஒரு பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

அந்தப் பைகளை ஆளுக்கொன்றாக இல்லாமல் காரியத்துக்கொன்றாகப் பிரியுங்கள். திருநள்ளாற்றுப் பையில் நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு, மாற்றுடை, ஈரத் துணியைப் போட ஒரு கனத்த பிளாஸ்டிக் உறை. நளதீர்த்தத்தில் குளித்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவரும் வழக்கம் குளத்தைத்தான் பாழாக்குகிறது. உறையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். தெற்குப் பையில் தலையை மூடிக்கொள்ள ஆளுக்கொரு துணி. நாகூர் தர்காவில் வேண்டியிருக்கும். கடற்கரைப் பையில் பழைய துண்டு, தண்ணீர், குழந்தைகளுக்கு இரண்டாம் ஜதை உடுப்பு. காரைக்கால் கடற்கரையில்தான் அரசலாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தின் பக்கம் குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடவேண்டாம். ரயில் பை என்று ஒன்று தனி: போர்வை, பல்விளக்கும் சாமான், அடையாள அட்டைகள், போன் சார்ஜர். மாத்திரைகளை மட்டும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பத்து நாள் முன்னதாக ஒரு முழுத் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: சாமான், எந்தப் பை, யார் பொறுப்பு. அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். மூன்றாம் பத்தியில் உங்கள் பெயர் நாலில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது. மாத்திரைக்கு வீட்டுக்காரர், அட்டைகளுக்கும் சார்ஜருக்கும் பெரிய பெண், கடற்கரைப் பைக்குச் சின்னவன். காஸ், குழாய், பூட்டு, பால், செடிக்குத் தண்ணீர் ஆகியவற்றுக்கும் அதே தாளில் பெயர் உண்டு. எடுத்து வைத்தவரே பேனாவால் அடித்துவிட வேண்டும். சின்னவன் துண்டை மறந்துவிட்டானா? போகட்டும், ஒரு நாள் ஈரத்தோடு நிற்பான். அடுத்த பிரயாணத்தில் மறக்கமாட்டான். "நானே செய்துவிட்டால் சீக்கிரம் முடியுமே" என்று மட்டும் புகுந்துவிடாதீர்கள். அங்கேதான் பட்டியல் மறுபடி உங்கள் தலையில் ஏறிக்கொள்கிறது.

திரும்பும்போது சாமான் பெருகும். ஆகையால் போகும்போதே பெட்டியில் கால் பங்கைக் காலியாக விடுங்கள். 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எல்லையில் சுங்கச் சோதனை உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் சில புட்டிகளை வீட்டுக்காரர் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தாரானால், தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடியில் உங்கள் புடவைகளெல்லாம் சாலையில் விரிந்துவிடும். இதையும் தாளில் எழுதிவைப்பது நல்லது!

காரைக்கால் புனிதவதியாரின் ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கணவன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் படைத்தாள். மற்றொன்றைச் சாப்பிட்டுவிட்டு, "அதையும் கொண்டு வா" என்றான் பரமதத்தன். வீட்டில் என்ன இருக்கிறது, எது தீர்ந்தது என்பது அவள் ஒருத்தியின் கணக்காகவே இருந்தது. பதில் சொல்ல வேண்டியவளும் அவளேதான். அவளுக்கு இறைவன் ஒரு கனியை அனுப்பினான். நமக்கெல்லாம் அப்படி வந்து சேராது. நாம் கணக்கைப் பங்கு போட்டால்தான் உண்டு.

தாளின் கடைசி வரியை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். படிக்க ஒரு புத்தகமோ, கடற்கரையில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமோ, எது வேண்டுமோ எழுதுங்கள். அதற்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிடுங்கள்.