பஞ்சவடியில் யார் இருந்தார்கள்?

அமீஷ் திரிபாதியின் சிவா முத்தொகுதி நம் பிள்ளைகள் கையில் புழங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு லட்சக்கணக்கில் விற்று, தமிழிலும் வந்துவிட்ட நாவல்கள். 2010இல் 'மெலூஹாவின் அமரர்கள்', 2011இல் 'நாகர்களின் ரகசியம்', 2013இல் மூன்றாம் பாகம். இரண்டாம் பாகத்தைக் குறித்துத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. "கதைதானே, இதுக்குப் போயி தலையங்கமா?" என்று தோழர்கள் கேட்கலாம். புராணம் நமக்கு எப்பவும் வெறுங்கதையாக இருந்ததில்லை. சம்பூகன் தலை போனது கதையில்தான். ஏகலைவன் கட்டைவிரல் போனதும் கதையில்தான். அந்தக் கதைகளைச் சொல்லித்தான் நம் பாட்டன் பூட்டனை எழுத்துப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தார்கள்.

முதலில் நாவல் சொல்வதைப் பார்ப்போம். மெலூஹா ஒரு லட்சிய தேசம். அங்கே 'விகர்மர்' என்று ஒரு கூட்டம். முற்பிறவிப் பாவத்தால் இந்தப் பிறவியில் கேடு வந்தவர்களாம். அவர்களைத் தொட்டால் தீட்டு. இளவரசி சதியே ஒரு விகர்மர். காரணம், அவளுக்குக் குழந்தை செத்துப் பிறந்ததாம். திபெத்திலிருந்து வந்த சிவன் அவளை விரும்புகிறான். அந்தச் சட்டத்தை ஒழிப்பேன் என்று சூளுரைத்து அவளை மணக்கிறான். இரண்டாம் பாகத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது. குழந்தை சாகவேயில்லை. உறுப்புகள் மாறிப் பிறந்ததால் 'நாகன்' என்று ஒதுக்கி, தாய்க்குத் தெரியாமல் அப்புறப்படுத்தியவன் அவளுடைய அப்பன், சக்கரவர்த்தி தட்சன். அந்தப் பிள்ளைதான் கணேசன். கூடுதல் கைகளோடு பிறந்து அதேபோல வீசப்பட்ட இரட்டைச் சகோதரி காளி, நாகர்களின் அரசி. ஆக, சதியின் மேல் சுமத்தப்பட்ட தீட்டே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. முகத்தை மூடிக்கொண்டு திரிந்த மகனும் தாயும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடத்தில் எனக்கும் நெஞ்சு கனத்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. அசுரன், அரக்கன் என்று தள்ளப்பட்டவன் பக்கம் நியாயம் இருக்கும் என்று ஒரு வெகுசன நாவல் சொல்லுவது நல்லதுதான்.

ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன.

நாவலில் நாகன் ஒதுக்கப்படுவது அவன் உடம்பு வேறாக இருப்பதால். அதனால் அவன் முகமூடி போட்டுக்கொள்கிறான். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் சோமரசம் என்ற மருந்தின் கெடுதல் என்று விளக்கமும் தரப்படுகிறது. தீண்டாமை அப்படியா நடந்தது? நம் உடம்பில் எந்த வித்தியாசமும் கிடையாது. பார்த்தால் தெரியாது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய சிக்கல். அதனால்தான் பேஷ்வாக்களின் புனாவில் தீண்டப்படாதவன் எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதை எழுதி வைத்திருக்கிறார். அடையாளம் உடம்பில் இல்லாததால் வெளியே இருந்து மாட்டினார்கள். நாவல் அந்தக் கலயத்தை உடம்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் தீர்ந்துவிடும் நோயாகத் தீண்டாமையைக் காட்டிவிட்டால், அதைச் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

அடுத்தது, யாருடைய துயரம் கேட்கப்படுகிறது? காளி சக்கரவர்த்தி மகள். கணேசன் சக்கரவர்த்தி பேரன். ராஜரத்தம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் கதவு திறக்கிறது. ராஜா வீட்டில் பிறக்காத நாகனுக்கு, பேர்கூடச் சொல்லப்படாத விகர்மனுக்கு, கதையில் என்ன இடம்?

மெலூஹாவில் சாதி பிறப்பால் இல்லையாம். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்து, தேர்வு வைத்து, தகுதிப்படி வருணம் பிரித்துக் கொடுக்கிறார்கள். படிக்கிற நம் தம்பிமாருக்கு இது நல்லாத்தான் தோணும். ஆனால் இது பழைய சரக்கு. ஆரிய சமாஜிகள் இதைத்தான் சொன்னார்கள். அதே 1936 உரையில் அம்பேத்கர் இதற்கும் பதில் சொல்லிவிட்டார். தகுதிதான் அளவுகோல் என்றால் பிராமணன், சூத்திரன் என்ற பட்டங்கள் எதற்கு? பேரை விடமாட்டேன் என்கிறவன் ஏற்றத்தாழ்வையும் விடமாட்டான்.

இனி பஞ்சவடி. நாவலில் நாகர்களின் தலைநகரம் அதுதான். கோதாவரிக் கரையில், காட்டுக்குள்ளே, ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிக்கொண்ட நகரம். நிஜத்தில் பஞ்சவடி எங்கே இருக்கிறது? நாசிக்கில், அதே கோதாவரிக் கரையில். அங்கேதான் காலாராம் கோயில். 1930 மார்ச் 2ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்கள் அந்தக் கோயிலை நோக்கி நடந்தார்கள். கதவுகளைப் பூட்டினார்கள். ஆணும் பெண்ணும் வாசலில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். ராமநவமித் தேரில் கை வைக்கப்போனபோது கல்லடி பட்டார்கள். தாதாசாகேப் கெய்க்வாட் உள்ளூரில் நின்று நடத்திய அந்தப் போராட்டம் ஐந்தாண்டு நீடித்தது. கதவு திறக்கவில்லை. சட்டத்தை ஒழிக்க எந்த நீலகண்டனும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. 1935 அக்டோபரில், அதே நாசிக் மாவட்டத்து இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். 1956இல் நாகபுரியில் மதம் மாறியபோது, பௌத்தத்தைப் பரப்பிய நாகர்கள் வாழ்ந்த மண் என்பதால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். அந்த நாகர்களின் வாரிசு நாம் என்றார்.

நாகர்களின் ரகசியம் இதுதான். அவர்கள் யாருடைய தொலைந்துபோன பிள்ளைகளும் அல்ல. தனக்கென்று வரலாறும் சமயமும் கொண்டிருந்த சனங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாவலில் சிவன் மனிதனாகிறான், கணேசனுக்கும் காளிக்கும் புதுப்பிறப்பு எழுதப்படுகிறது. ஊர் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். அதே புராணங்களிடம் அம்பேத்கர் கேள்வி கேட்ட 'இந்து மதத்தின் புதிர்கள்' 1987இல் மகாராட்டிர அரசால் வெளியிடப்பட்டபோது, ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிச் சிவசேனா தெருவில் இறங்கியது. தலித் மக்கள் பெருந்திரளாக மும்பையில் திரண்டுதான் அந்த எழுத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாற்றி எழுதும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. யார் எழுதுகிறான் என்று பார்த்துத்தான் கோபம் வருகிறது.

ஆகவே இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படிங்க. படித்த கையோடு ஃபுலேயின் 'அடிமைத்தனம்' நூலையும் எடுங்க. 1873லேயே அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, யார் யாரை வென்ற கதை இது என்று கேட்டவர் அவர். நாவலில் வரும் பரசுராமன் அங்கேயும் வருகிறான், வேறு முகத்தோடு. நம் அயோத்திதாசப் பண்டிதர் இந்தத் தேசத்துக் கதைகளைப் பௌத்தத்தின் கண்ணால் திருப்பி எழுதினார். அந்த வேலை பாதியில் நிற்கிறது. நாகர் கதையை நாகர் பக்கமிருந்து எழுத நம்மில் ஆள் வேண்டும். முந்நூறு பக்கம், விறுவிறுப்பாக, நம் பிள்ளைகள் தூக்கம் கெட்டுப் படிக்கிற மாதிரி. எழுதுகிற தோழர்கள் கைப்பிரதியை அனுப்புங்கள். பக்கம் ஒதுக்குவது எங்கள் பொறுப்பு.