முகவரி தெரியும், எல்லை தெரியாது

சி மொழி பயிலும் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அர்ரேயும் பாயின்டரும். இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்புகளில் சொல்லப்படுவதும் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்தானது.

அர்ரே என்பது கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து அமைந்த அறைகள். தலா 4 பைட் கொண்ட 5 எண்கள் என்றால் மொத்தம் 20 பைட். பாயின்டரோ ஓர் அறையின் முகவரியை எழுதிவைத்த சீட்டு, அவ்வளவுதான். முதல் அறையின் முகவரி 1000 என்றால் மூன்றாவது அறை 1008ல் இருக்கும். அர்ரேயின் பெயரைச் சொன்னாலே, பெரும்பாலான இடங்களில், முதல் அறையின் முகவரியாக அதை எடுத்துக்கொள்கிறது சி. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

ஒரு ஃபங்ஷனுக்கு அர்ரேயை அனுப்பினால் போய்ச் சேருவது முகவரி மட்டுமே. மொத்தம் எத்தனை அறைகள் என்ற கணக்கு கூடவே போவதில்லை. இல்லாத ஆறாவது அறையில் எழுதச் சொன்னாலும் சி தடுக்காது. பக்கத்தில் இருக்கும் வேறு தகவல் அழிந்துபோகலாம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இம்மொழியில், எல்லையைக் காப்பது புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பது 1988 நவம்பர் 2ல் தெரிந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் இன்டர்நெட்டில் ஒரு 'புழு'வை விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று யூனிக்ஸின் 'ஃபிங்கர்' சேவை. அதில் இருந்த அர்ரேயின் அளவு 512 பைட். தகவலை வாங்கும் 'கெட்ஸ்' ஃபங்ஷன் முகவரியை மட்டுமே பெற்றுக்கொண்டது, அளவைக் கேட்கவில்லை. புழு அனுப்பியது 536 பைட். வழிந்த 24 பைட், ஃபங்ஷன் முடிந்ததும் திரும்பவேண்டிய முகவரியை மாற்றி எழுதியது. கம்ப்யூட்டர் புழுவின் சொல்படி நடக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கின. 1990ல் மாரிஸுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க 2 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 'கெட்ஸ்' மட்டும் 2011ல்தான் சி மொழியின் தர வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய புத்தகங்களின் உதாரணங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்து எழுதும் மாணவர் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: முகவரியைக் கொடுக்கும்போது அளவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.