ஆட்டோமேட்டிக் காருக்குக் கூடுதல் ஆயில் கூலர் தேவையா?

“பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். வாரம் இரண்டு முறை குடும்பத்தோடு, உரம், தீவன மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறுகிறோம். ‘கியர் ஆயில் சூடாகிறது, வெளியில் ஒரு கூலர் வாங்கி மாட்டிவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். காரில் இதுவரை எந்த மாற்றமும் செய்யவில்லை. மாட்டலாமா?”

- வாசகர், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.

பதில்: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விலை குறைந்த கார்களில் பரவலாக இருப்பது ஏ.எம்.டி. அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். பாரத்தோடு ஏறும்போது அதில் சூடாவது கிளட்ச் தட்டு. அந்த வண்டிக்கு ஆயில் கூலர் மாட்டுவது வீண் செலவு.

டார்க் கன்வெர்ட்டர் வகை என்றால் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இதில் இன்ஜினின் விசையை கியர் பாக்ஸுக்குக் கடத்துவது ஆயில். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது, ஆயில் உள்ளே கடையப்பட்டுச் சூடாகிறது. 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஆயில் கெட்டு, சீல்களும் உள் கிளட்ச் தட்டுகளும் பாழாகும்.

ஆனால், இந்த வகைக் கார்களில் பொதுவாக கம்பெனியே ஒரு கூலர் வைத்திருக்கும். பெரும்பாலும் அது ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ரேடியேட்டரில் மண், தூசி அடைத்திருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் அளவு சரியா என்று பாருங்கள். கியர் ஆயில் பழுப்பாகி, கருகிய வாடை வந்தால், கையேட்டில் சொன்ன ரக ஆயிலையே மாற்றுங்கள். ரோஸ் மில்க் போல இருந்தால் கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். வண்டியை எடுக்கவே கூடாது.

ஓட்டும் முறையும் முக்கியம். ஏற்றத்தில் ‘எல்’ அல்லது ‘2’-ல் போட்டு ஏறுங்கள். நிற்க நேர்ந்தால் பிரேக் பிடியுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். இறங்கும்போதும் குறைந்த கியரே நல்லது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் கூலர் மாட்டலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

* பழைய கூலரைக் கழற்ற வேண்டாம். ஆயில் முதலில் அதன் வழியாகச் சென்று, பிறகு புதிய கூலருக்கு வந்து, கியர் பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

* ரேடியேட்டருக்கு முன்னால், காற்று படும் இடத்தில் தனி பட்டை வைத்துப் பொருத்துங்கள். ஏ.சி. கண்டென்சரின் தகடுகளில் துளைத்துக் கட்டினால் இரண்டும் கெடும்.

* சூடான கியர் ஆயிலைத் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். தண்ணீர் ஹோஸ் கூடாது.

* குளிர்காலத்தில் மலையில் ஓட்டுவதால், ஆயில் சூடான பிறகே கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் உள்ளதை வாங்குங்கள்.

* புதிய கூலரும் ஹோஸும் நிரம்பும் அளவுக்கு ஆயில் கூடுதலாக ஊற்ற வேண்டும். அளவு பார்க்கும் முறை காருக்குக் கார் மாறும், கையேட்டின்படி பாருங்கள்.

வாரன்டி மீதமிருந்தால் மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். மாட்டியபின் முதல் சில பயணங்களில் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் கசிவு பாருங்கள். கசிந்து ஆயில் குறைந்தால் கியர் பாக்ஸே போய்விடும். கூலர் இல்லாததைவிட அது பெரிய நஷ்டம்.