மாஞ்சோலைக் குத்தகை: காடு திரும்புகிறது, குடும்பங்கள் எங்கே போகும்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பத்திரிகையில் மழை அளவுப் பட்டியல் வரும். அதில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலேயே அதிக மழை என்று பல நாள் அந்தப் பெயர்கள்தான் முதலில் நிற்கும்.

அவை எங்கே இருக்கின்றன?

நெல்லை மாவட்டத்தில், மணிமுத்தாறு அணைக்கு மேலே, மேகம் தவழும் மலையில் இருக்கின்றன. குதிரைவெட்டியையும் சேர்த்தால் மொத்தம் 5 தோட்டங்கள். எல்லாம் தேயிலை. எல்லாம் ஒரே கம்பெனியிடம் குத்தகைக்கு விடப்பட்ட நிலம்.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கம்பெனி வேலையை நிறுத்தியது. 500-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே வாரத்தில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள். வேலை போனதோடு முடியவில்லை. 45 நாளுக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்து குடியிருந்த வீடு அது.

சட்டப்படி சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. காடு காடாக வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். முதலில் கதையைக் கேளுங்கள்.

ஜமீன் கொடுத்த காடு

அந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஜமீனின் பெயர் நன்றாகத் தெரியும்.

1929-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி ஜமீன் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தது. 8,374 ஏக்கர் காடு. 99 வருடக் குத்தகை. வாங்கியது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி.

இந்தக் கம்பெனி சாமானியமானது அல்ல. 1863-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டி விற்றுப் பெருத்தது. கணக்குக் காட்டாமல் மரம் வெட்டியதாகச் சொல்லி, 1885-ல் பர்மா ராஜா தீபோவின் சர்க்கார் அதற்குப் பெரிய அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படை எடுத்தார்கள். ராஜா பிடிபட்டார். அவரை இந்தியாவுக்குக் கொண்டு வந்து ரத்தினகிரியில் வைத்தார்கள். ஒரு மரக் கம்பெனியின் தகராறில் ஒரு ராஜ்யமே போயிற்று!

அந்தக் கம்பெனி இப்போது வாடியா குழுமத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் தின்னும் பிரிட்டானியா பிஸ்கெட்டும் அந்தக் குழுமத்தினுடையதுதான்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952-ல் சிங்கம்பட்டி ஜமீன் சர்க்கார் வசம் ஆயிற்று. நிலத்தின் சொந்தக்காரர் மாறினார். குத்தகை மட்டும் மாறவில்லை. ஜமீனுக்குப் பதில் சர்க்கார் என்று ஆயிற்று. கெடு தேதியும் அதேதான்: 2028 பிப்ரவரி 11.

வீடும் வேலையும் ஒன்று

தேயிலை என்பது செடி என்று நினைக்கிறோம். உண்மையில் அது மரம். வெட்டாமல் விட்டால் 20, 30 அடிகூட வளரும். பெண்கள் நின்றபடி கொழுந்து பறிக்க வேண்டும் என்பதற்காக அதை இடுப்பளவுக்கு மேல் விடுவதில்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை கவாத்து செய்வார்கள். ஒரே செடியில் வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை கொழுந்து பறிக்க வேண்டும். பறித்த இலையைக் கிடப்பில் போட முடியாது. அன்றே பாக்டரிக்குப் போக வேண்டும். வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், புளிக்க வைக்க வேண்டும், உலர்த்த வேண்டும். ஒரு நாள் தாமதமானால் இலை பாழ்.

ஆகவே தினமும் கீழே இருந்து ஆள் வந்து போகும் வேலை இல்லை இது. அதுவும் அந்த மலைப் பாதையில்! ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும். கங்காணிகள் ஊர் ஊராகப் போய்க் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். நெல்லைச் சீமையில் இருந்தும் வந்தார்கள், மலையாளத்தில் இருந்தும் வந்தார்கள். நிலம் இல்லாத ஏழைகள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். கீழே ஊரில் ஒருவனுக்கு அடிமையாக இருப்பதைவிட மலையில் அட்டைக்கு ரத்தம் கொடுப்பது மேல் என்று ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

அவர்களுக்கு வரிசையாக லைன் வீடுகள் கட்டினார்கள். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு முடிச்சும் இருந்தது. வேலை இருக்கும் வரைதான் வீடு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1930-ல் 20 வயது வாலிபன் ஒருவன் மலை ஏறினான் என்று வைத்துக் கொள்வோம். அவன் ஓய்வு பெறும்போது வீட்டை விட வேண்டும். விடாமல் இருக்க என்ன வழி? மகன் வேலையில் சேர வேண்டும். மகனுக்குப் பிறகு மருமகள், அவளுக்குப் பிறகு பேரன். இப்படியே 4 தலைமுறை. ஓட்டுச்சீட்டில் முகவரி மாஞ்சோலை. செத்தவர்களைப் புதைத்த இடம் மாஞ்சோலை. கையில் மட்டும் ஒரு சென்டு நிலத்துக்குப் பட்டா கிடையாது.

தாமிரபரணியில் 17 உயிர்

அந்த மக்கள் ஒரு முறை கூட்டமாகக் கீழே இறங்கி வந்தார்கள். 1999 ஜூலை 23. கூலி உயர்வு வேண்டும், போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று நெல்லை கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். கட்சித் தலைவர்களும் உடன் வந்தார்கள். கொக்கிரகுளத்தில் போலீசார் தடியடி நடத்தினார்கள். ஓடியவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு.

மாஞ்சோலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேர்ந்து, கொக்கிரகுளம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அந்த மலையில் உழைத்தவர்கள் அந்த ஆற்றிலேயே போனார்கள். நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்தது. ஜூலை 23 வந்தால் கட்சிக்காரர்கள் இன்றும் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவுகிறார்கள்.

"விருப்ப ஓய்வு"

கம்பெனி சும்மா இருக்கவில்லை. குத்தகை நிலத்தில் தனக்கு உரிமை கேட்டு வழக்காடியது. 2017-ல் ஐகோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. 2018-ல் சர்க்கார் அந்த இடத்தைக் காப்புக் காடு என்று அறிவித்தது. இனி குத்தகை நீளாது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

கெடுவுக்கு இன்னும் 3 வருடம் 8 மாதம் இருந்தது. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. ஜூன் 14-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி சேர வேண்டிய பணத்தோடு ஒரு சலுகைத் தொகை உண்டு. அந்தத் தொகையில் கால் பங்கு முதலில், மீதி முக்கால் பங்கு வீட்டைக் காலி செய்த பிறகு என்பது ஏற்பாடு.

இதில் விருப்பம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டம் நிற்கப் போகிறது. கூலி கிடையாது. கையெழுத்துப் போட்டால் பணம், போடாவிட்டால் அதுவும் இல்லை. பசித்தவன் முன்னால் ஒரே ஒரு இலையைப் போட்டு, "உன் இஷ்டம், சாப்பிடு" என்று சொல்வது போலத்தான் இது.

அந்தப் பெயருக்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள், தொழிலாளர் பக்கம். அப்போது அமலில் இருந்த 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி, 100 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தை மூட வேண்டுமானால் சர்க்காரிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். எல்லோரும் தாங்களாகவே விலகிக் கொண்டால்? மூடியதாகவே ஆகாது அல்லவா! சட்டம் தெரிந்தவர்கள் யோசித்து வைத்த பெயர் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

கோர்ட்டு சொன்னது

ஜூன் மாதத்திலேயே விவகாரம் ஐகோர்ட்டு மதுரை கிளைக்குப் போயிற்று. தொழிலாளர்களை வெளியேற்றக் கோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது. கேட்டது முக்கியமாக இரண்டு. ஒன்று, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ, மாஞ்சோலையை ஏற்று நடத்த வேண்டும். இரண்டாவது, குடும்பங்களுக்கு வாழ நிலம் வேண்டும்.

டான்டீ பிறந்த கதையும் இங்கே தெரிய வேண்டும். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. வந்தவர்களுக்கு வேலை வேண்டும் என்று 1968 முதல் நீலகிரிப் பக்கம் சர்க்காரே தேயிலை போட்டது. ஆக, ஏழைக்காகச் சர்க்கார் தேயிலை வியாபாரம் செய்தது உண்டு. ஆனால் அந்த டான்டீயும் நஷ்டத்தில் விழுந்தது. 2022-ல் அதன் நிலத்திலேயே ஒரு பகுதியை வனத்துறைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். தன் தோட்டத்தையே விடுகிறவர் அடுத்த தோட்டத்தை எடுப்பாரா? முடியாது என்றுதான் சர்க்கார் கோர்ட்டில் சொன்னது.

2024 டிசம்பர் 3-ந் தேதி தீர்ப்பு வந்தது. டான்டீ நடத்த வேண்டும் என்ற கோரிக்கை தள்ளுபடி ஆயிற்று. காட்டைக் காடாக்க வேண்டும், தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு உதவிகளைச் செய்ய வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. பிறகு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார்கள்.

காடு வேண்டாமா?

வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் சரணாலயத்தின் நடுவில் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் சரணாலயம் அது, 1988-ல் வந்தது. தாமிரபரணி தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் ஜீவநதி. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் அதுதான், வயலுக்கும் அதுதான். மலைச் சோலை மழையைப் பஞ்சு போல வாங்கி வைத்துக் கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. தேயிலைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

தேயிலை போக வேண்டும். சரி. அந்தச் செலவை யார் தலையில் போடுவது?

95 வருடம் லாபம் பார்த்தது கம்பெனி. 1952 முதல் நிலத்துக்குச் சொந்தக்காரர் சர்க்கார். கெடு தேதி இருவருக்கும் தெரியும். நம் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தால் பந்தல்காரரிடம் எப்போது சொல்கிறோம்? தாலி கட்டும் அன்று காலையிலா? 1988-ல் சரணாலயம் என்றார்கள், 2018-ல் காப்புக் காடு என்றார்கள். அப்போதே கீழே ஓர் ஊர் அமைத்திருக்கலாம். ஆளுக்கு 5 சென்டு, ஒரு வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். 30 வருடத்தில் செய்ய முடியாததா அது? 2024 ஜூனுக்குப் பிறகுதான் எல்லோரும் அவசரம் அவசரமாக அடுக்குமாடி வீடு தேடினார்கள்.

மூணாறில் டாடா கம்பெனி தேயிலையில் இருந்து விலகியபோது, 2005-ல், தொழிலாளர்களையே பங்குதாரர்களாக வைத்து ஒரு புதுக் கம்பெனி அமைந்தது. மாஞ்சோலையில் அப்படியே செய்ய முடியாது. இங்கே தேயிலைக்கே இடம் இல்லை. ஆனால் போகிற முதலாளி தொழிலாளியை நினைத்துப் பார்த்து ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

இன்னும் ஒன்று. தேயிலையை விட்டுவிட்டால் தானாகக் காடு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வெட்டாத தேயிலை உயர்ந்து புதராகும். இடுக்கில் உண்ணிச்செடி ஏறும். சோலை மரங்களின் நாற்று வளர்க்க வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும். பல வருட வேலை. எந்தச் சரிவில் மண் நிற்கும், எந்த ஓடை எப்போது பொங்கும், யானை எந்த வழியாக வரும் என்று தெரிந்தவர்கள்தான் செய்ய முடியும்.

அப்படித் தெரிந்தவர்கள் 500-க்கு மேற்பட்டவர்கள் 2024 ஜூன் வரை அந்த மலையிலேயே வேலை செய்து கொண்டிருந்தார்கள். காட்டைத் திருப்பி வளர்க்கும் வேலைக்கு வனத்துறை ஆள் எடுக்கும்போது, கூலி கொடுத்து முதலில் அவர்களைக் கூப்பிட வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் கீழே வீடு, மேலே வேலை என்று போய் வரட்டும். 2028 பிப்ரவரி 11 வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்குள் இந்த ஒன்றையாவது செய்து முடிக்கலாம்.