நோய் வீட்டுக்கு, மருந்து ஒருவருக்கா?

கல்லடியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகனின் தொடையிலே சீழ்க்கட்டி புறப்படுகிறது. கடையிற் குளிசை வாங்குகிறார்கள், கட்டி அடங்குகிறது. அடுத்த மாதம் தங்கைக்கு, பின்னர் தாய்க்கு, மீண்டும் மகனுக்கு! சூட்டுக் கட்டி என்கிறார் அம்மம்மா. இரத்தம் கெட்டுவிட்டது என்கிறார் அயலவர். இரண்டும் அன்று.

ஸ்ரெபிலோகொக்கஸ் என்னும் கிருமியின் வேலை அது. நலமாயுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அதனை மூக்கினுள் சுமந்து திரிகின்றனர். தோலிலே கீறல் கண்டால் அது உட்புகும். வலையிழுக்கும் வாவிக்கரை மீனவரின் கையில் கீறலில்லாத நாளும் உண்டோ?

1928 இல் பிளெமிங் பென்சிலினைக் கண்டது இக்கிருமி வளர்த்த தட்டிலேதான். 1945 இல் நோபெல் பரிசுரையில் அவரே எச்சரித்தார்: கணவன் குறைந்த அளவில் மருந்துண்டு, மருந்துக்குப் பழகிய கிருமியை மனைவிக்குத் தொற்றவிட்டு அவளை இழக்கும் கதையொன்றைச் சொன்னார். கேட்டவர் யார்? பென்சிலினை வென்ற கிருமிக்கென மெதிசிலின் வந்தது. 1961 இல் அதனையும் வென்ற கிருமி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. இன்று அது உலகெங்கும் உண்டு, இலங்கையும் விலக்கன்று.

கட்டி திரும்பத் திரும்ப வருமாயின் வீடே நோயாளி என்போம் நாம். பழுத்த கட்டியை மருத்துவர் கீறிச் சீழை அகற்றுவதே முதற் சிகிச்சை. அச்சீழைச் சோதித்தால் எம்மருந்து பலிக்கும் என்பது தெரியும். பின்னர், மருத்துவர் சொற்படி, வீட்டார் அனைவரும் ஒரே ஐந்து நாட்களில் மூக்கினுள் முப்பிரோசின் களிம்பு பூசி, குளோர்எக்சிடின் கொண்டு குளித்தல் வேண்டும். துவாயும் சவர அலகும் ஆளுக்கொன்று. படுக்கை விரிப்புகளை வெந்நீரிற் கழுவி உலர்த்துக. அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே செய்து 2012 இல் வெளியான ஆய்வில், நோயுற்றவரை மட்டும் கவனித்த வீடுகளைவிட, அனைவரையும் கவனித்த வீடுகளிற் கட்டி மீள்வது குறைந்தது.

இவ்வளவையும் அந்தத் தாய்க்கு எடுத்துரைப்பவர் யார்? களிம்புப் பெட்டியினுள் மடித்து வைத்த தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் எழுதிற்று. அவ்வெழுத்து இப்பெட்டிக்குள் புகவில்லை. தமிழிற் சொல்லில்லை என்ற சாக்கு செல்லாது. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் துயில்வது இதே கல்லடி மண்ணில்!

நாம் கேட்பது பெரிதன்று. ஐந்து நாட் செயல்முறையைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, குடும்பநல மாதர் கையிற் கொடுத்து வீடுதோறும் அனுப்புக. மருத்துவர் சீட்டின்றிக் குளிசை விற்பதைத் தடுத்திடுக. சீழ்ச் சோதனைக்கு ஏழை நோயாளி வெளியே பணங்கட்டும் நிலை எங்கேனும் இருப்பின், அதனை உடனே ஒழித்திடுக.